நிலா எழும்பக்குள்ளயா, எழும்பினாப்பிறகா?

1848 செப்டம்பரில் ஒரு மாலை. இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டை வாசலுக்கு அருகில் இருந்த துறையிலிருந்து மீனவர்களோடு தோணியில் ஏறினார். வாவியின் அடியிலிருந்து இசை கேட்கிறது, முழுநிலவை அண்டிய நாட்களில் நன்றாகவே கேட்கிறது என்று ஊரார் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதைத் தன் காதால் கேட்டுவிடுவதற்குத்தான் இந்தப் பயணம். கேட்டார். இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியும் வைத்தார். அது மீனின் பாட்டு அல்ல, ஒரு வகை ஊரிச் சங்கின் அழுகை என்று மீனவர்கள் சொன்னதையும், 'ஊரி' என்று தொடங்கும் அதன் தமிழ்ப் பெயரையும் தன் காதில் விழுந்தபடி குறித்தார்.

பாடும் மீனைத் தேடுபவர்கள் அந்தப் பக்கங்களை இன்றும் புரட்டுகிறார்கள். ஆங்கிலம் கற்பிப்பவர்களும் புரட்டிப் பார்க்கலாம். தோணிப் பயணத்தைத் தொடங்கிவைக்கும் வாக்கியத்தில் இரண்டு வினைகள் வருகின்றன: நிலவு எழுந்தது, அவர் தோணி எடுத்தது. இரண்டும் அன்றிரவே நடந்து முடிந்தவை. ஆனாலும் டெனன்ட் இரண்டையும் ஒரே மாதிரி எழுதவில்லை. தோணிக்குச் சாதாரண இறந்தகாலம் போதும் என்று விட்டுவிட்டு, நிலவுக்கு மட்டும் 'ஹேட்' என்ற துணைவினையைச் சேர்த்தார்.

அந்த 'ஹேட்' இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தால் தெரியும். 'வென்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ரோஸ்' என்று மட்டும் போட்டால், நிலவு எழுந்ததும் தோணி ஏறியதும் அடுத்தடுத்து நடந்தவை. நிலவின் விளிம்பு தெரிந்ததையே சைகையாக எடுத்துக்கொண்டு துரை தோணியில் கால் வைத்தது போன்ற காட்சி. 'வாஸ் ரைசிங்' என்று போட்டால் நிலவு இன்னும் பாதியில் நிற்கிறது, தோணி புறப்படும்போது அது ஏறிக்கொண்டே இருக்கிறது. 'ஹேட் ரிசன்' என்று போட்டால் நிலவு முழுதாக மேலே வந்தாயிற்று. துரை ஏறிய வேளையில் வாவி முழுக்க வெளிச்சம். வினையில் ஒரு சிறு மாற்றம், மூன்று வேறு நிலவுகள்.

இதே வாக்கியத்தை மட்டக்களப்பில் பேச்சுத் தமிழில் சொன்னால் முதலில் வாயில் வருவது 'நிலா எழும்பக்குள்ள' என்பதாகத்தான் இருக்கும். வரக்குள்ள, போகக்குள்ள, படிக்கக்குள்ள, சின்னப்பிள்ளையா இருக்கக்குள்ள என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை புழங்கும் வடிவம் இது. யாழ்ப்பாணத்தார் 'வரேக்க' என்பார்கள், எழுத்தில் 'வரும்போது' ஆகும். இந்த 'எழும்பக்குள்ள' என்ற சொல்லுக்குள் மூன்று நிலவுகளில் எது இருக்கிறது?

மூன்றும் இருக்கலாம். ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி அந்தச் சொல் கேட்பதில்லை. ஆங்கிலக் கொப்பியில் வாவிக்கரைப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் நடுவில் ஒரு மணியோசைதான் இடைவெளி. இலங்கையில் மூன்றாம் தரம் முதல் ஆங்கிலம் பாடமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைவரை அது கூடவே வருகிறது. இறந்தகாலத்தைப் பிள்ளைகள் கஷ்டப்பட்டாவது பிடித்துவிடுகிறார்கள். கோ என்றால் வென்ட், கம் என்றால் கேம் என்று மனப்பாடம் ஆகிவிடும். சிக்கல் தொடங்குவது இரண்டு செயல்களை ஒரே வாக்கியத்தில் கோக்கும்போது. வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அண்டில், பை த டைம் ஆகிய இணைப்புச் சொற்களுக்குப் பின்னால் வரும் வினை எந்தக் காலத்தில் இருக்கவேண்டும் என்பதில்தான் சிவப்பு மை அதிகம் செலவாகிறது.

பிழைகள் தாறுமாறானவை அல்ல, அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. 'நான் வரமுன்னம் அவன் போயிட்டான்' என்பதை எழுத நினைத்த பிள்ளை, 'பிஃபோர் ஐ கம், ஹீ வென்ட்' என்று எழுதும். 'அவர் வருமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன்' என்பது 'அண்டில் ஹீ கம்ஸ்' ஆகிவிடும். 'நாளைக்கு நான் வந்தாப்பிறகு போங்க' என்பதில் இன்னொரு வகைப் பிழை பிறக்கும்: நாளைய செயலுக்கு 'ஆஃப்டர் ஐ கேம்' என்று இறந்தகாலம் விழுந்துவிடும். ஆசிரியர் மூன்றையும் சுழித்து, 'காலம் பிழை' என்று எழுதுகிறார். பிள்ளைக்கு எதுவும் விளங்குவதில்லை. தமிழில் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?

சரியாகத்தான் இருந்தது. முன்னம், பிறகு, மட்டும் என்ற சொற்களோடு ஒட்டும் தமிழ் வினைகளைக் கவனித்தால் காரணம் பிடிபடும். 'வரமுன்னம்' என்பதில் உள்ள 'வர'வுக்குக் காலமே இல்லை. எழுத்துத் தமிழில் 'வருவதற்கு முன்' என்றாலும் 'வருவது' எதிர்கால வடிவம். ஆனால் பேச்சு நேற்றைய வரவைப் பற்றியது. 'வந்தாப்பிறகு' என்பதில் 'வந்த' இறந்தகாலம். பேச்சோ நாளைய வரவைப் பற்றியது. தமிழில் இணைப்புக்கு உள்ளே இருக்கும் வினை, பேசுகிறவர் நிற்கும் இன்றைய நாளைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் நிற்கும் முக்கிய வினையைத்தான் பார்க்கிறது. அந்த வினை நடந்த வேளையில் இது முடிந்திருந்ததா, முடியவில்லையா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. 'பிறகு' என்றால் முடிந்தது, ஆகவே வந்த. 'முன்' என்றால் முடியவில்லை, ஆகவே வருவது. நேற்றா நாளையா என்பதை வாக்கியத்தின் கடைசி வினை ஒன்றே சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் ஏற்பாடு வேறு. வாக்கியத்தில் எத்தனை வினை வந்தாலும் ஒவ்வொன்றும் பேசுகிறவரின் இன்றைய நாளிலிருந்து தன் தூரத்தைத் தனித்தனியாகச் சொல்லவேண்டும். நேற்றைய கதை என்றால் முன்னால் நிற்கும் வினையும் இறந்தகாலம், பின்னால் நிற்கும் வினையும் இறந்தகாலம். தமிழில் ரயிலுக்கு ஓர் எஞ்சின் போதும், பெட்டிகள் கொளுவியில் தொங்கிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எஞ்சின் கேட்கிறார்கள்.

கொளுவிகளின் சாமர்த்தியத்தைத் தமிழ் இலக்கணிகள் மிகப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் வினையியல், செய்து, செயின், செய முதலான ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லி நிறுத்தாமல், காலத்தைக் கருதி வரும் வேறு ஆறையும் சேர்த்துக்கொள்கிறது: பின், முன், கால், கடை, வழி, இடத்து. இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டு வாசித்தால் ஒன்று புலப்படும். முன்னும் பின்னும் உடம்பின் பக்கங்கள். கடை, வழி, இடம் மூன்றும் நிலத்துச் சொற்கள். இடத்தைக் காட்டிய சொற்களைக் காலத்தைக் காட்டவும் தமிழ் பழக்கிவிட்டது.

'வரக்குள்ள' என்பதும் அதே குடும்பம்தான். 'வர' என்பதோடு 'உள்' என்ற இடச்சொல் ஒட்டியதுபோல நிற்கிறது; வருதல் என்ற ஒரு வீடு, அதற்குள்ளே வேறொன்று நடக்கிறது. இப்பகுதியின் ஊர்வழக்கிலேயே இதற்கு ஓர் எதிரொலி உண்டு. வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர், மேற்குக் கரைக்குப் படுவான்கரை. ஒன்று சூரியன் எழும் பக்கம், மற்றது சூரியன் படும் பக்கம். இங்கே காலத்தைச் சொல்லி இடத்தைக் காட்டுகிறார்கள். வயல் வேலைக்குப் படுவான்கரைக்குப் போய்வரும் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், தெரியாமலே ஒரு வினையெச்சக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்.

ஆங்கிலமும் இதே பாதையில் வந்த மொழிதான். 'வைல்' என்பது பழைய ஆங்கிலத்தில் வெறும் பெயர்ச்சொல், ஒரு பொழுது என்று பொருள். 'அந்தப் பொழுது' என்ற தொடராக வாக்கியத்தில் வந்துகொண்டிருந்தது, காலப்போக்கில் இணைப்புச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. தமிழின் 'போது'வும் பொழுதிலிருந்து வந்ததே. 'பிஃபோர்' முன்பக்கம், 'ஆஃப்டர்' பின்பக்கம். இரண்டு மொழிக்கும் கொளுவிகள் ஒரே பட்டறையில் அடித்தவை போலத்தான் இருக்கின்றன. வேறுபாடு, கொளுவியில் மாட்டும் வினையில்.

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1960களில் இலங்கைத் தமிழை ஆராய்ந்தபோது, பேச்சுத் தமிழ்களுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமாக நிற்பது மட்டக்களப்புப் பேச்சு என்று கண்டார். இந்தப் பெருமையை ஊரில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் இந்த ஓர் இடத்தில் பேச்சும் எழுத்தும் பிரிகின்றன. எழுத்துத் தமிழில் 'வரும்போது' வேறு, 'வந்தபோது' வேறு. 'நான் வரும்போது அவனைக் கண்டேன்' என்றால் வழியில் கண்டது. 'நான் வந்தபோது அவன் படுத்திருந்தான்' என்றால் வந்து சேர்ந்த பின் கண்டது. ஆங்கிலத்தின் 'வாஸ் கமிங்', 'கேம்' என்ற இரண்டும் ஏறக்குறைய இந்த இரண்டோடு பொருந்தும். பேச்சில் இரண்டையும் 'வரக்குள்ள' என்ற ஒரே சொல் விழுங்கிவிட்டது. 'நான் வரக்குள்ள அவன் படுத்திருந்தான்', 'நான் வரக்குள்ள அவனைக் கண்டன்': வழியிலா, வாசலிலா என்பதைக் கேட்பவர் மீதி வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பிள்ளைக்கு 'வாஸ் கமிங்' விளங்காவிட்டால், ஆங்கிலத்துக்குப் போகுமுன் தமிழ்ப் பாடப்புத்தகத்தின் 'வந்தபோது'வையும் 'வரும்போது'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். வேறுபாடு கையிலேயே இருக்கிறது, வாயில்தான் இல்லை.

பேச்சுமொழி நேரத்தைத் துல்லியமாகச் சொல்லாது என்று இதை எடுத்துக்கொண்டால் பெரிய தவறாகும். 'வந்த கையோட' என்றால் வந்த உடனே, செருப்புக் கழற்றிய கையோடு. ஆங்கிலத்தில் 'ஆஸ் சூன் ஆஸ்'. 'நான் போறதுக்கிடையில பஸ் போயிட்டு' என்றால் அதில் பதைப்பும் ஏமாற்றமும் சேர்ந்தே இருக்கிறது. 'பை த டைம்' என்ற ஆங்கிலத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. 'குளிச்சித்து சாப்பிட்டன்' என்பதில் கிழக்குக்கே உரிய அந்தத் 'த்து' குளிப்பு முற்றாக முடிந்ததைச் சொல்கிறது. 'போயித்து வாறன்' என்று விடைபெறுகிறவர், போதலை முடித்துவிட்டு வருதலை வாக்களித்துப் போகிறார். 'மறுகா' என்ற மட்டக்களப்புச் சொல்லை மறந்துவிட முடியாது. பிறகு, அதற்கப்பால், மீண்டும் என்று பல வேலை பார்க்கும் சொல் அது. கதை கேட்கும் பிள்ளை நடுவில் 'மறுகா?' என்று கேட்டால் கதைசொல்லிக்கு அடுத்த சம்பவத்துக்குப் போக உத்தரவு கிடைத்துவிட்டது.

முடிந்துவிட்டது என்ற உணர்வுக்குத் தமிழ் கொடுக்கும் இடம் எவ்வளவு பெரியது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. வெளியே காத்திருப்பவரிடம் 'இந்தா வந்திட்டன்' என்று உள்ளே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே ஒருவர் குரல் கொடுப்பார். இன்னும் வரவில்லை, ஆனாலும் இறந்தகாலம். விரைவைச் சொல்ல இப்படி எதிர்காலச் செயலை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி கொடுத்திருக்கிறார். அதை அப்படியே ஆங்கிலத்தில் 'ஐ கேம்' என்று சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் எங்கே வந்தீர்கள் என்று சுற்றிலும் பார்ப்பார்.

இந்த வாவிக்கரைக்கு ஆங்கிலப் பாடம் வந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த வருகையின் கதையே காலத்தொடருக்கு நல்ல பாடம். மெதடிஸ்த திருச்சபையின் தோமஸ் கோக், இளம் போதகர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3ஆம் திகதி இந்துசமுத்திரத்தின் நடுவே இறந்தார். கப்பல் பம்பாயை அடைந்தது அதற்குப் பின்னர், அதே மாதத்தில். ஜூன் இறுதியில் மற்றவர்கள் காலியில் இறங்கினார்கள். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் இறந்துபோனார். வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல்தான் காண்கிறது.

'கப்பல் பம்பாய்க்கு வரமுன்னமே கோக் இறந்திட்டார்.' தமிழில் ஒரு சிக்கலும் இல்லை. 'முன்னமே' என்பதில் உள்ள ஏகாரமும் 'இறந்திட்டார்' என்பதில் உள்ள 'இட்'டும் எல்லா வேலையையும் முடித்துவிட்டன. ஆங்கிலத்தில் 'வென்' போட்டால் கோக்கின் மரணத்துக்கு 'ஹேட் டைட்' தவிர்க்க முடியாதது; வெறும் 'டைட்' என்று எழுதினால் பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரம் போட்ட நேரத்தில் அவர் உயிர்விட்டார் என்று அர்த்தமாகிவிடும். ஆனால் 'வென்' இருந்த இடத்தில் 'பிஃபோர்' போட்டுப் பாருங்கள். 'ஹேட்' வேண்டியதில்லை, வெறும் 'டைட்' போதும். எது முதலில் என்பதை 'பிஃபோர்' என்ற கொளுவியே சொல்லிவிட்டது.

டியூஷன் குறிப்புகள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. 'முதலில் நடந்ததுக்கு ஹேட், பிறகு நடந்ததுக்கு சாதாரண பாஸ்ட்' என்று கரும்பலகையில் பெட்டி போட்டு எழுதித் தருவார்கள். அதைப் பக்தியோடு பின்பற்றும் பிள்ளை, காலையில் ஹேட் எழும்பி, ஹேட் பல்துலக்கி, ஹேட் தேத்தண்ணி குடித்து, கடைசியில் சாதாரண இறந்தகாலத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும். நடந்த வரிசையிலேயே கதையைச் சொன்னால் ஆங்கிலத்துக்கு 'ஹேட்' தேவையே இல்லை. வரிசையைக் கலைத்து, பின்னால் நடந்த ஒன்றில் நின்றுகொண்டு முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வேண்டும். அதுவும், இணைப்புச் சொல்லே முன்பின்னைச் சொல்லிவிட்டால், பல இடங்களில் ஆங்கிலேயரும் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். கொளுவியை நம்பும் தமிழ்ப் பழக்கம் ஆங்கிலத்திலும் ஓரளவு ஒளிந்திருக்கிறது.

'திரும்பிப் பார்த்தல்' என்பதைத் தத்துவக்காரர்களும் விடவில்லை. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் ரைஷன்பாக் 1947இல் வெளியிட்ட தருக்க நூலில், வினையின் காலத்தை விளக்க இரண்டு புள்ளிகள் போதாது, மூன்று வேண்டும் என்றார். பேசும் நேரம் ஒன்று, செயல் நடந்த நேரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே நின்று பார்க்கும் நேரம் ஒன்று.

கல்லடியில் நின்றால் இந்த மூன்றையும் கண்ணால் காணலாம். சீமாட்டி மன்னிங் பாலம் என்ற பழைய இரும்புப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இன்று ஒருவர் இதைப் பற்றி எழுதுகிறார். இன்றிலிருந்து நேரே 1924ஐப் பார்த்து எழுதினால் சாதாரண இறந்தகாலம். 2013இல் போய் நின்றுகொண்டு, 'புதிய பாலத்தைத் திறக்கக்குள்ள பழைய பாலம் எண்பத்தொன்பது வருசம் பாரம் சுமந்திருந்தது' என்றால் 'ஹேட்'. அந்த இடைப்புள்ளி இல்லாமல் 'ஹேட்' வாக்கியத்தில் கால் ஊன்ற முடியாது. பிள்ளைகள் 'ஹேட்' போட்டு ஒரே வாக்கியம் எழுதிவிட்டு நிறுத்தும்போது ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நீ எந்தப் பாலத்தில் நின்று பார்க்கிறாய்?' தமிழிலும் 'சுமந்திருந்தது' என்பது அந்த இடைப்புள்ளியைக் கேட்கத்தான் செய்கிறது. இருந்தது, கொண்டிருந்தது, விட்டிருந்தது எல்லாம் தமிழின் 'ஹேட்' குடும்பம். முக்கிய வினையில் நாம் அவற்றைத் தாராளமாகவே கையாள்கிறோம், இணைப்புக்குள் மட்டும் கேட்பதில்லை.

ரைஷன்பாக்கின் நூல் வந்த அதே 1947இல்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் யாழ் நூல் அரங்கேறியது. அந்த ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். மெதடிஸ்த கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலம் வழியாகப் படித்தவர், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மதங்க சூளாமணி என்ற நூலில் தமிழ் நாடக இலக்கண நோக்கில் ஆராய்ந்தவர். ஆங்கிலக் கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லும் எவரும் 'ஹேட்'டை உரித்துக் கீழே போட்டுவிட்டு, அதன் இடத்தில் ஓர் எச்சத்தை நட்டுக்கொண்டே போகவேண்டும். அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு இரு மொழிகளின் கணக்கும் விரல்நுனியில் வந்துவிடும். இன்றைய வகுப்பறையில் மொழிபெயர்ப்புப் பயிற்சி பின்தள்ளப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும் என்ற கொள்கைக்கு மதிப்பு அதிகம். பேச்சுப் பழக்கத்துக்கு அது நல்லதே. காலத்தொடர் விடயத்தில் மட்டும், தாய்மொழியை வாசலில் நிறுத்திவிட்டால் பிள்ளைக்குத் தன் பிழையின் வேர் தெரியாமலே போய்விடுகிறது.

பரீட்சைப் புள்ளியோடு விடயம் முடிந்துவிடுமா என்றால், இல்லை. கிழக்கின் நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில் பேசுகிறார்கள். வழக்கு கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனால் ஆவணங்கள் ஆங்கிலத்துக்கு மாறவேண்டும். 'நான் போகக்குள்ள கதவு திறந்து கிடந்தது' என்பதில் சிக்கல் இல்லை. 'நான் போகக்குள்ள அவர் வெளிக்கிட்டார்' என்பதை மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? சாட்சி வாசலை அடைந்தபின் அவர் புறப்பட்டாரா, சாட்சி வழியில் இருந்தபோதே புறப்பட்டுவிட்டாரா? தமிழ்ச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆங்கிலம் ஒன்றைத்தான் எழுதவிடும். மொழிபெயர்ப்பாளர் திரும்பிக் கேட்காவிட்டால், சாட்சி சொல்லாத ஒன்று தீர்மானமாகிக் காகிதத்தில் ஏறிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இது இன்னும் பெரிதாக நடந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மெல்லிய மணல்திட்டாகக் கிடக்கும் நாவலடியிலும் கல்லடியிலும் உயிர்தப்பியவர்கள் சொன்னவை தமிழில் சொல்லப்பட்டவை; உலகம் வாசித்தது பெரும்பாலும் ஆங்கிலத்தில். 'கடல் வரக்குள்ள ஆத்துப்பக்கம் ஓடினோம்' என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அலையைக் கண்டபின் ஓடத் தொடங்கினார்களா, அலை வந்து சேர்ந்தபோது ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார்களா, அதற்குள் ஓடி முடித்து வாவிக்கரையில் நின்றிருந்தார்களா? 'ரேன்', 'வேர் ரன்னிங்', 'ஹேட் ரன்': ஒன்றுக்கொன்று சில நிமிடம்தான் வித்தியாசம். அந்தச் சில நிமிடத்தில்தான் எச்சரிக்கை கிடைத்ததா இல்லையா என்ற கேள்விக்கான பதில் இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் கதை சொல்கிறார்கள். கூரை போகக்குள்ள, காத்து நிண்டாப்பிறகு, விடியுமட்டும் என்று கொளுவிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதப்போகும் பேரப்பிள்ளை ஒவ்வொரு கொளுவியிலும் நின்று தாத்தாவிடம் மறுபடி கேட்கவேண்டியிருக்கும்.

கேட்பதுதான் பயிற்சி. வகுப்பில் இதை விளையாட்டாகவே செய்துவிடலாம். மாரியில் வாவி நிரம்பினால் முகத்துவாரத்தில் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது இங்குள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த காட்சி. 'முகத்துவாரம் வெட்டக்குள்ள தண்ணி இறங்கினது' என்ற வாக்கியத்தைக் கொடுத்து, ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் படம் வரையச் சொல்லலாம். மண்வெட்டி மணலில் இருக்கிறதா, வெட்டி முடிந்து ஆட்கள் கரையில் நிற்கிறார்களா, தண்ணீர் எங்கே நிற்கிறது? படம் தெளிந்துவிட்டால் 'வேர் கட்டிங்' எது, 'ஹேட் கட்' எது என்பது பெட்டிபோட்ட சூத்திரம் இல்லாமலே வந்துவிடும். பிறகு அதே படத்தை 'வெட்டினாப்பிறகு', 'வெட்டமுன்னம்', 'வெட்டின கையோட' என்று தமிழில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். 'பிஃபோர்'க்குப் பின் இறந்தகாலம் போட மறக்கும் பிள்ளைக்கு, 'வெட்ட' என்பதில் காலம் இல்லாததால்தான் மறந்தோம் என்பது அப்போது பிடிபடும்.

டெனன்டின் வாக்கியத்துக்கும் ஒரு படம் வரையலாம். அதில் நிலவு நன்றாக மேலே நிற்கும். அந்த விடயத்தில் அவர் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆனால் அந்தத் தோணியில் அவரோடு மட்டக்களப்பு மீனவர்களும் இருந்தார்கள். துடுப்பு அவர்கள் கையில் இருந்தது, ஊரியின் பெயரும் அவர்கள் சொன்னதுதான். அன்றிரவு அவர்கள் வீடு திரும்பியதும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை. 'நிலா எழும்பக்குள்ள துரை வந்தார்' என்று அது தொடங்கியிருக்கலாம். நிலவு அப்போது விளிம்பில் நின்றதா, உச்சிக்கு வந்திருந்ததா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். 'மறுகா?' என்று கேட்டிருப்பார்கள்.